இன்றைக்கு லங்கரில் என்ன போட்டிருப்பார்கள்?

ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்தி சானல்களில் அந்தக் காட்சி வந்துவிடுகிறது. பின்னால் பனிமலை, ஒரு கொடிக்கம்பம், வரிசையாக நிற்கும் ஜவான்கள். டெல்லியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் தட்டிலிருந்து இனிப்பை எடுத்து ஒவ்வொருவர் வாயிலும் ஊட்டிக்கொண்டே போகிறார். 2014 தீபாவளியன்று பிரதமர் சியாச்சினுக்குப் போய்வந்த பிறகு இது ஆண்டு தவறாத வழக்கமாகிவிட்டது. ‘குடும்பத்தைப் பிரிந்து, பண்டிகையைத் துறந்து’ என்று பின்னணிக் குரல் தழுதழுக்கும். என் அம்மா அந்த இடத்தில் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அப்பா விடாமல் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது விருந்தினரையும் அல்ல, வரிசையில் நிற்கிற முகங்களையும் அல்ல. “பின்னாடி அந்தத் தகரக் கொட்டாயில புகை வருது பாரு, அதான் லங்கர்” என்பார். லங்கர் என்றால் பட்டாளத்துச் சமையற்கூடம்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்லுகிற மாவட்டம் இது. இங்கே பட்டாளத்து வீடு என்பது விசேஷமான ஒன்றல்ல. தெருவுக்கு நாலைந்து இருக்கும். அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பொது நினைவு உண்டு: பொங்கலன்று காலையில் எல்லா வாசலிலும் ஆம்பிளைகள் செங்கல் அடுக்கி அடுப்பு கூட்டிக்கொண்டிருக்க, நம் வாசலில் மட்டும் அம்மாவே அந்த வேலையையும் செய்வார். அப்பா எங்கோ தூரத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறார், இந்த ஒரு நாளுக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் நாங்கள் வளர்ந்தோம். டிவியின் பின்னணிக் குரல் சொல்வதைத்தான் நாங்களும் நம்பினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்று வந்த முதல் பொங்கலன்று அந்த நம்பிக்கையில் ஒரு கல் விழுந்தது. புது வேட்டி, புதுச் சட்டை, படையல் முடிந்து வாழையிலை. அம்மா பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்: சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், ஏழு காய்க் குழம்பு, வடை, மொச்சைப் பொரியல். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு யாரையும் பார்க்காமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, “இன்னிக்கி லங்கர்ல இன்னா போட்டிருப்பாங்களோ” என்றார். அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்கும் கோபம்தான். இத்தனை வருஷம் இந்த இலைக்காக ஏங்கினார் என்று நினைத்திருந்தோமே, அப்படியானால் அவர் ஏங்கியது எதற்கு? அந்தக் கேள்வி என்னை வெகுநாள் விடவில்லை. அப்பாவிடம் நேராகக் கேட்டால் “சும்மா ஞாபகம் வந்துச்சு” என்பார். அவ்வளவுதான் பதில்.

லீவு வந்தால் தீபாவளி

முதலில் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜவானுக்கு வருஷத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் காஷுவல் லீவும் உண்டு. எண்ணிக்கையில் குறைவில்லை. எப்போது கிடைக்கும் என்பதில்தான் சிக்கல். ஒரு கம்பெனியில் எல்லோரும் ஒரே சமயத்தில் பெட்டி கட்ட முடியாது. மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் எல்லோரும் கலந்து இருப்பதால் பண்டிகைக் காலம் என்பதே பெரிய பேரம். ஓணத்துக்கு நீ போ, பொங்கலுக்கு நான் போகிறேன். கிறிஸ்துமஸுக்கு உன்னை விடுகிறேன், உகாதிக்கு என்னை விடு. தலைதீபாவளிக்காரனுக்கு முன்னுரிமை என்பது எழுதப்படாத சட்டம், எந்த சுபேதாரும் அதை மீறமாட்டார் என்று அப்பா சொல்வார். அதனால் கல்யாணமான முதல் வருஷம் அப்பாவுக்குத் தீபாவளி கிடைத்தது. அதற்குப் பிறகு அந்த இடத்தை அவருக்குப் பின்னால் வந்த பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். அவரும் மனதார விட்டுக்கொடுத்தார். அந்த மனதாரதான் அம்மாவுக்குப் பிடிக்காது.

ஆகவே எங்கள் வீட்டில் பண்டிகை பஞ்சாங்கத்தைப் பார்த்து வந்ததில்லை, லீவு பாஸைப் பார்த்து வந்தது. ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது அம்மா பட்டாசில் பாதியைப் பிரித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். சித்திரை வெயிலில் அப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய மறுநாள் விடிகாலையில் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, அதிரசம் சுட்டு, அந்த டின்னை இறக்குவார். பாதி வெடி நமுத்துப்போயிருக்கும். தெருவில் சிரிப்பார்கள். ஆனால் பட்டாளத்து வீடுகளில் யாரும் சிரிக்கமாட்டார்கள், அவர்கள் பரணிலும் அதே டின் இருக்கும். இன்று யோசித்தால், அம்மா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தோன்றுகிறது. ஒரு நாளை, அதன் வாசனையோடு, ஆறு மாதம் எடுத்துவைத்துத் திரும்பக் கொடுப்பது லேசில்லை. அப்படிக் கொடுத்த மனுஷியின் இலையில் உட்கார்ந்துகொண்டு லங்கரைப் பற்றிக் கேட்டால் கோபம் வராதா?

ஒரே டேக்சா

லங்கரைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் எங்களுக்குக் கதைகளாகத்தான் வந்து சேர்ந்தது. ராஷன் சர்வீஸ் கோர் மூலம் வரும். அரிசிக்காரர்களுக்கு அரிசி, ஆட்டாக்காரர்களுக்கு ஆட்டா. மெட்ராஸ் பட்டாலியனில் சாம்பாரும் ரசமும் உண்டு, ஆனால் பூரி சப்ஜிக்குப் பழகாத வயிறு ஒன்றுகூட மிஞ்சாது. பண்டிகை நாட்களில் லங்கர் கமாண்டர் முந்தின வாரமே கையில் நோட்டோடு சுற்ற ஆரம்பித்துவிடுவார். ஓணம் என்றால் மலையாளத்துப் பையன்கள் சமையலறையைக் கைப்பற்றிக்கொள்வார்கள். பருப்பு, அவியல், காளன் என்று வாழையிலை கிடைக்காத ஊரில் தட்டிலேயே வரிசை தவறாமல் பரிமாறுவார்கள். பூக்களம் போடப் பூ கிடைக்காத இடத்தில் சாயம் போட்ட உப்பையும் மரத்தூளையும் கொண்டு போட்டதை அப்பா பார்த்திருக்கிறார். போகிக்குத் தமிழர்கள் பழைய சாக்கைக் கொளுத்தும் அதே நாட்களில், பக்கத்து முகாமில் சீக்கியர்கள் லோஹ்ரிக்குத் தீ மூட்டுவார்கள். ஒரு வருஷம் இரண்டு தீயையும் ஒன்றாகவே மூட்டினார்களாம். அவர்கள் நெருப்பில் எள்ளும் கடலையும் போட, நம்மாட்கள் அதைப் பார்த்துக்கொண்டு அவர்களோடு ரேவ்டி என்கிற எள் மிட்டாயைத் தின்றிருக்கிறார்கள். கோயில் என்றால் ஒரே கூரைக்குக் கீழே எல்லாச் சாமியும் இருக்கிற சர்வ தர்ம ஸ்தலம். கமாண்டிங் ஆபீஸர் எந்த மதத்தில் பிறந்திருந்தாலும் தன் ஜவான்கள் கும்பிடுவதைக் கும்பிட வேண்டும் என்பது அங்கே மரபு.

கதையாகக் கேட்காமல் நானே பார்த்தது ஒன்று உண்டு. அப்பாவுக்குக் குடும்பத்தோடு தங்கும் பீஸ் ஸ்டேஷன் கிடைத்த கொஞ்ச காலத்தில், ஒரு தீபாவளி படா கானா, அதாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய விருந்து. மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வழக்கமாக அப்பா விறைத்து நின்று சல்யூட் அடிக்கிற கர்னல், சட்டைக் கையை மடித்துக்கொண்டு சோற்றுக் கூடையோடு பந்தியில் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் மேஜர் கறிக்குழம்பு வாளியோடு. ஜவான்கள் கூச்சப்பட்டுத் தட்டை இழுத்துக்கொண்டால், அவர் விடாமல் போட்டார். எனக்கு அது பெரிய ஆச்சரியம். மறுநாள் காலை பி.டி.யில் எல்லாம் பழையபடிதான். கர்னல் கர்னல், சிப்பாய் சிப்பாய். ஒரு ராத்திரியில் உலகம் மாறிவிடாது என்று சொல்லி அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் அந்த ஒரு ராத்திரிகூட இல்லை.

ஊரில் பொங்கல் இரண்டு இடத்தில் நடக்கும். ஊருக்குள் ஒன்று, காலனியில் ஒன்று. மாட்டுப் பொங்கலன்று மாடுகள்கூட வேறு வேறு வழியாகத்தான் ஓடும். அப்பாவின் பட்டாலியனில் நெருங்கிய தோழர் ஒருவர் பக்கத்து ஊர்க் காலனியைச் சேர்ந்தவர். பட்டாளத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த இரண்டு பேரும் ஒருவர் வீட்டுச் சோற்றை ஒருவர் தின்றிருக்க வாய்ப்பே இல்லை. லங்கரில் ஒரே டேக்சாவிலிருந்து, அதாவது ஒரே அண்டாவிலிருந்து, இருவருக்கும் விழும். ராணுவம் சாதியைத் துடைத்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. ஜாட், ராஜ்புத், மஹார் என்று சாதிப் பெயரைத் தாங்கிய படைப்பிரிவுகள் இன்றும் இருக்கின்றன. முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக 1914இல் பிரிட்டிஷார் பிரைட்டன் நகரத்து ராயல் பெவிலியன் அரண்மனையை மருத்துவமனையாக்கியபோது, சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப 9 சமையலறைகள் கட்டினார்கள். குடிதண்ணீர்க் குழாய்கூட இந்துக்களுக்கு வேறு, முஸ்லிம்களுக்கு வேறு. கை கால் இழந்து கிடக்கிற மனிதர்களுக்கு 9 அடுப்பு! அதே இந்தியப் படையில்தான், அப்பாவின் காலத்து மெட்ராஸ் பட்டாலியனில், நாலைந்து மாநிலத்து ஆட்களும் சாதி கேட்காமல் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

அப்பாவின் கேள்விக்கு இதுதான் விடை என்று கொஞ்ச காலம் நினைத்தேன். ஊரில் இல்லாத பந்தி அங்கே இருந்தது, அதைத்தான் தேடுகிறார் என்று. அது பாதிதான். மீதியை அந்தத் தோழர்தான் சொன்னார்.

கிழக்கு எது என்று காம்பஸில் பார்த்தார்கள்

தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மா அவரை உள்ளே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். எங்கள் தெருவில் அது கவனிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அம்மா பொருட்படுத்தவில்லை. பேச்சு எப்படியோ பழைய பொங்கல் ஒன்றுக்குப் போனது. தொண்ணூறுகளில், லடாக் பக்கம், 18,000 அடிக்கு மேலே ஒரு போஸ்ட். சமையல்காரருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் வாந்தியுமாகி ஹெலிகாப்டரில் கீழே அனுப்பிவிட்டார்கள். மாற்று ஆள் வரவில்லை, வானிலை மோசம். இருக்கிறவர்கள் முறைவைத்துச் சமைத்தார்கள்.

“அண்ணி, அண்ணன் வைக்கிற பொங்கல நீங்க சாப்டிருக்கீங்களா?” என்று அவர் கேட்டதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அப்பா சங்கடமாக வெளியே பார்த்தார்.

அந்த உயரத்தில் தண்ணீர் 80 டிகிரியைச் சற்றே தாண்டியதும் கொதித்துவிடும். கீழே நமக்கு 100 டிகிரி வேண்டும். ஆகவே அங்கே பால் சீக்கிரம் பொங்கும், ஆனால் அரிசி வேகாது. எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கென்று நடுவில் பருக்கை நிற்கும். குக்கரில் வைத்தால் வேகும், ஆனால் குக்கர் பொங்காது, விசில்தான் அடிக்கும். பொங்காத பொங்கல் என்ன பொங்கல்? இதைப் பற்றிப் போஸ்ட்டில் முந்தின நாளெல்லாம் வாக்குவாதம் நடந்ததாம். கடைசியில் அப்பா ஒரு தீர்ப்பு சொன்னார். அரிசியும் பருப்பும் குக்கரில் வேகட்டும்; பால் தனியாகத் திறந்த டேக்சாவில் பொங்கட்டும்; பொங்கிய பிறகு இரண்டையும் சேர்த்துக்கொள்வோம். பால் என்றால் பால் பவுடரும் மில்க்மெய்ட் டின்னும். தண்ணீர் என்றால் ஜெரிகேன் ஜெரிகேனாகப் பனியை வெட்டி வந்து உருக்கியது. வெல்லம், லீவிலிருந்து திரும்பிய ஒருவர் கையில் அம்மா கொடுத்தனுப்பிய மண்டை வெல்லம். அது கல்லாக இறுகியிருந்ததால் ஐஸ் கோடாலியால் உடைத்தார்கள். கொத்து மஞ்சளுக்கு வழியில்லை, மஞ்சள் தூளைக் குழைத்து டேக்சாவின் கழுத்தில் பட்டையாக இட்டார்கள். கரும்பு இல்லை. அதற்கு மாற்று எதுவும் தேடவில்லை, இல்லாதது இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தால் நல்லது என்று ஒருவர் சொல்ல, காம்பஸை எடுத்துக் கிழக்கைப் பார்த்து ஸ்டவ்வை அந்தப் பக்கம் ஒரு விரல்கடை சாய்த்து வைத்தார்களாம். வெளியே மைனஸில் காற்று. உள்ளே மண்ணெண்ணெய்ப் புகையில் எல்லோர் மூக்கும் கருப்பு. பால் எழுந்து வந்ததும் தமிழன், மலையாளி, சிக்னலுக்கு வந்திருந்த பீகார்க்காரர் எல்லோரும் சேர்ந்து ‘பொங்கலோ பொங்கல்’ கத்தினார்கள். வயர்லெஸ் செட்டில் கீழ்ப் போஸ்ட்டைக் கூப்பிட்டு “பொங்கிடுச்சு” என்று சொன்னார்கள். கீழே அவர்களுக்கு இன்னும் பொங்கவில்லையாம்.

முதல் கரண்டி சென்ட்ரிக்குப் போனது. ட்யூட்டியில் நிற்கிறவனுக்குக் கொடுக்காமல் மற்றவர்கள் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். வெளியே போய் அவன் கையில் டின்னைக் கொடுப்பதற்குள் மேல்புறம் இறுகிவிட்டது. “அந்த ஒசரத்துல யாருக்கும் பசியே எடுக்காது அண்ணி, கட்டாயப்படுத்தித்தான் சாப்புடுவோம். அன்னிக்கி மட்டும் வழிச்சி சாப்ட்டோம்” என்றார் அவர்.

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். தான் அனுப்பிய வெல்லம் அங்கே பொங்கலானதைக் கேட்டு நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அம்மாவுக்கு வந்தது கோபம். முன்பைவிட நல்ல, தெளிவான கோபம். அப்பாவைப் பார்த்து, “அங்க அத்தினி பேருக்குப் பொங்க வச்ச மனுசனுக்கு, இங்க வந்தா அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னுகூடத் தெரியாதா? ஒக்காந்த எடத்துல எலைய போட்டாத்தான் ஆவுமா?” என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. தோழர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அங்கேதான் எல்லாம் புரிந்தது. முதல் பொங்கலன்று அப்பா எங்கள் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள்தான் உட்காரவைத்தோம். இத்தனை வருஷம் கஷ்டப்பட்டவர், இனி உட்காரட்டும், நாம் செய்து போடுவோம் என்று அன்போடுதான் செய்தோம். அவருக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. அடுப்பு கூட்ட அம்மாவுக்குப் பழகிவிட்டது, தேங்காய் உடைக்கத் தம்பி வளர்ந்துவிட்டான். லங்கரில் என்ன போட்டிருப்பார்கள் என்று அவர் கேட்டது நாக்கின் கேள்வியே இல்லை. அங்கே இந்நேரம் யார் பனி உருக்குகிறார்கள், யார் உரிக்கிறார்கள், யார் கிண்டுகிறார்கள், சென்ட்ரிக்குத் தட்டு போனதா என்றுதான் அவர் கேட்டார். பண்டிகை என்பது அவருக்குக் கையால் தெரிந்த ஒன்றாகிவிட்டிருந்தது. டிவியில் வருகிற காட்சி ஏன் உறுத்துகிறது என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. ஊட்டுகிறவரைக் காட்டுகிறார்கள், வாய் திறக்கிற ஜவானைக் காட்டுகிறார்கள். முந்தின ராத்திரி ஸ்டவ்வைப் பம்ப் அடித்து ஏற்றியவனைக் காட்டுவதில்லை. நமக்காகப் பண்டிகையைத் துறந்தார்கள் என்று சொல்லும்போது, கிடைத்ததை வைத்து அவர்கள் உண்டாக்கிய பண்டிகையை இல்லாததாக்கிவிடுகிறோம். அது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல.

இன்னொன்றும் அம்மாவின் கோபத்தில் இருந்தது. ஆண்கள் மட்டும் இருக்கிற இடத்தில் ஆண்கள் சமைக்கிறார்கள், அரைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், கழுவிக் கவிழ்க்கிறார்கள், அதில் பெருமையும் படுகிறார்கள். அதே கைகள் வீட்டு வாசல்படி தாண்டியதும் மடங்கிக்கொள்கின்றன. மலை உச்சியில் பழகிய நல்ல வழக்கம் ஒன்று ஊர் எல்லையிலேயே ஏன் நின்றுவிட வேண்டும்? அடுத்த பொங்கலுக்கு அம்மா அடுப்பின் பக்கமே போகவில்லை. நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அப்பா செங்கல் அடுக்கினார், பானைக்கு மஞ்சள் கட்டினார், பொங்கியதும் தெரு அதிரக் கத்தினார். கொஞ்சம் அடிபிடித்தது. அன்று அவர் லங்கரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

பேசாத பண்டிகைகள்

எல்லா முகாம் பண்டிகையையும் இப்படிச் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஜவான் கொண்டாடுவது பெரும்பாலும் இன்னொருவர் ஊரில். அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்தது என்பதும் பண்டிகைக் கணக்கில் சேரும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றுதான் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தவர்களுக்கு அந்தத் தீபாவளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு மூத்தவர்களில் சிலர் அந்தக் காலத்தில் இலங்கைக்குப் போய்வந்தவர்கள். வீட்டுக்கு வந்தால் எல்லா ஊர்ப் பண்டிகையும் பேசுவார்கள். அந்த வருஷத்துத் தீபாவளிக்கு வரும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். படா கானா எவ்வளவு நல்ல மரபாக இருந்தாலும், அது நடக்கிற இடத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று கேட்காமல் அதைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. எல்லையில் இனிப்பு மாற்றிக்கொள்கிற வழக்கத்தை நான் இதனால்தான் மதிக்கிறேன். அட்டாரியில் எல்லைப் பாதுகாப்புப் படையும் பாகிஸ்தான் ரேஞ்சர்களும் தீபாவளிக்கும் ஈத் பெருநாளுக்கும் இனிப்புப் பெட்டி மாற்றிக்கொள்வார்கள். உறவு கெட்ட வருஷங்களில் அது நின்றுபோகும். 2024 தீபாவளிக்கு, டெப்சாங்கிலும் டெம்சோக்கிலும் படைகள் பின்வாங்கிய கையோடு, லடாக் எல்லையில் இந்திய, சீனச் சிப்பாய்கள் இனிப்பு மாற்றிக்கொண்டார்கள். ஒரு பெட்டி இனிப்பால் எல்லைத் தகராறு தீராது. ஆனால் அடுத்த பக்கத்திலும் அன்று ஒருவன் தட்டேந்தி நிற்கிறான் என்று அது ஒத்துக்கொள்கிறது.

2016 பிப்ரவரி 3 வேறு மாதிரி. சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே சோனம் போஸ்ட்டில் பனிச்சரிவு. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆவது பட்டாலியனோடு இருந்த 10 பேர் புதைந்தார்கள். நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நான்கு பேர்; கர்நாடகம், கேரளம், ஆந்திரத்துப் பிள்ளைகள்; மருத்துவ உதவிக்கு உடனிருந்த மகாராஷ்டிரத்துக்காரர் ஒருவர். ஆறு நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு தோண்டி எடுத்தபோது ஊரே கும்பிட்டது; பிப்ரவரி 11 அன்று டெல்லியில் அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அப்பா டிவி முன்னால் இருந்தார். இறந்தவர்களின் பெயரும் ஊரும் வரிசையாக ஓடியபோது அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான்: “பொங்கல் முடிஞ்சி மூணு வாரம்கூட ஆவல.” அந்தக் கூடாரத்திலும் பால் பொங்கியிருக்கும், யாரோ ஒருவன் கிழக்கைப் பார்த்து ஸ்டவ்வைச் சாய்த்திருப்பான் என்றுதான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் தெருவில் புதிதாக இரண்டு பையன்கள் பட்டாளத்தில் இருக்கிறார்கள். ஒருவன் லடாக், ஒருவன் அருணாச்சலம். சிக்னல் கிடைத்தால் வீடியோ காலில் பேசுகிறார்கள், பொங்கலன்று வாசலைக் காட்டச் சொல்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கார்த்திகை பிறந்ததுமே முறுக்கும் அதிரசமும் டப்பாவில் கட்டிக்கொண்டு அப்பாவிடம் யோசனை கேட்க வருவார்கள், எப்படி அனுப்பினால் உடையாமல் போகும் என்று. அப்பா முறுக்கை வேண்டாம் என்று சொல்வதில்லை, ஆனால் டப்பாவைப் பாதியாகக் குறைத்துவிடுவார். மீதி இடத்துக்கு அவரே பட்டியல் போடுவார்: மண்டை வெல்லம் ரெண்டு கிலோ, உடைத்துப் பொட்டலமாக. பாசிப்பருப்பு, பச்சரிசி. ஏலக்காயும் முந்திரியும் தனித்தனியாக. ஒரு பாக்கெட் மஞ்சள் தூள். நெய் கசியாத டின்னில். எல்லாம் அவனுக்கு மட்டும் கணக்குப் பார்த்து அல்ல, ஒரு செக்‌ஷனுக்குக் காணும்படி. “செஞ்சத அனுப்பினா ஒரு வேளைக்கு ஆவும். செய்யறதுக்கு அனுப்பு” என்பார். பெட்டியின் மேல் 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முகவரியை அவரே தன் கையால் எழுதுவார், அந்த எழுத்து இன்னும் மாறவில்லை. குளிர்காலத்தில் மேலே போய்ச் சேர எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்ல முடியாது, அதனால் கார்த்திகை முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது மேலே இருந்தால் நீங்களும் இப்போதே வெல்லம் வாங்கிவிடுங்கள்.